ஹூண்டாய், கியா காரின் திரையை வீட்டிலேயே அப்டேட் செய்வது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்டேட் பாதியில் நின்றுவிட்டது, திரை கறுத்துப்போய்விட்டது, பென் டிரைவைக் கார் கண்டுகொள்ளவே இல்லை என்று வருகிற புலம்பல்களைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், சாஃப்ட்வேர் மேல் குற்றம் இருப்பது அபூர்வம். மட்டமான பென் டிரைவ், தப்பான போர்ட், சோர்ந்துபோன பேட்டரி, இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் மாட்டும். காருக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றும் பெரிதில்லை. சொருகிவிட்டு ஒரு பட்டனைத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பாடெல்லாம் வீட்டில் லேப்டாப் முன்னால் இருக்கிறது. அதனால் இங்கே அந்தப் பாதிக்குத்தான் அதிக இடம்.

ஹூண்டாய், கியா இரண்டுமே ஒரே குழுமம் என்பதால் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். கிரெட்டா, வென்யூ, வெர்னா, செல்டோஸ், சோனெட், கேரன்ஸ் எதுவானாலும், கம்பெனியே பொருத்திக் கொடுத்த திரையாக இருந்தால் நீங்கள் மேற்கொண்டு படிக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆக்ஸசரீஸ் கடையிலோ வாங்கி மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் இது உங்களுக்கில்லை. வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செட்டுக்குள் வேறு வேறு போர்டு இருக்கும், தப்பான ஃபைலை ஏற்றினால் செட் செத்துப்போகும். மாட்டிக்கொடுத்த கடைக்காரரிடமே கேளுங்கள்.

முதலில், இது தேவைதானா?

2019 மே மாதம் வென்யூ வந்தபோது புளூலிங்க் என்று காருக்குள்ளேயே ஒரு இ-சிம் வைத்துக் கொடுத்தார்கள். அந்த மாதிரி கனெக்டட் கார்கள் பலவற்றுக்கு அப்டேட் காற்றிலேயே வரும், ஓ.டி.ஏ. என்கிறார்கள். உங்கள் போன் டேட்டா செலவாகாது, பென் டிரைவ் வேண்டாம். திரையில் அறிவிப்பு வந்தால் சம்மதித்துவிட்டால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், சில மாடல்களில் அது நிறுவி முடியும்வரை வண்டியை எடுக்க முடியாது. குழந்தையை ஸ்கூலில் விடக் கிளம்புகிற நேரத்தில் அவசரத்தில் அந்த பட்டனைத் தொட்டுவிடாதீர்கள்.

ஆனால் அந்தச் சேவை முதல் மூன்று வருடம்தான் இலவசம் என்று கொடுத்தார்கள். 2019, 2020-இல் வாங்கிய பலர் அதற்குப் பிறகு காசு கட்டிப் புதுப்பிக்கவில்லை. அப்புறம், கனெக்டட் வசதியே இல்லாத நடு வேரியன்ட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குத்தான் யூ.எஸ்.பி. வழி.

அப்டேட்டால் கிடைப்பது என்னவென்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். மேப் புதிதாகும், ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனில் இருப்பதைக் கார் திரையில் காட்டும் வசதி) அடிக்கடி அறுந்துபோகிற மாதிரி சில கோளாறுகள் சரியாகும், சில சமயம் மெனு கொஞ்சம் மாறும். அதைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள். குறிப்பாக அந்த 10.25 இன்ச் திரைக்காரர்களின் பழைய ஏக்கம் ஒன்று உண்டு. பல மாடல்களில் விலை குறைந்த 8 இன்ச் திரையில் வயர் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓடும், அதிகக் காசு கொடுத்து வாங்கிய பெரிய திரையில் வயர் சொருக வேண்டும். அடுத்த அப்டேட்டில் அது வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு இருந்தவர்கள் நிறையப் பேர். அதற்காக மட்டும் இதைச் செய்யப்போகிறீர்கள் என்றால், வயர்லெஸ் அடாப்டர் ஒன்று வாங்கிச் சொருகிவிடுவது சுலபம்.

எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, மேப்புக்குப் போனைத்தான் பயன்படுத்துகிறேன் என்றால் ஒவ்வொரு அப்டேட்டையும் துரத்த வேண்டியதில்லை. அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. 2022-இல் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ஒரு வேடிக்கை நடந்தது. 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்களில் ஒரு ரேடியோ ஸ்டேஷனைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் திரை அப்படியே மாட்டிக்கொண்டது. ஸ்டேஷன் அனுப்பிய படத்தின் ஃபைல் பெயருக்குப் பின்னால் வர வேண்டிய ‘.ஜேபிஜி’ மாதிரியான வால் இல்லை. அவ்வளவு சின்ன விஷயம், கார்க்காரர்கள் வேறு ஸ்டேஷனுக்கே போக முடியவில்லை. பழைய சாஃப்ட்வேர் என்றால் இப்படி எங்கே தடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

லேப்டாப்பைத் திறக்கும் முன் ஒரு போட்டோ

காருக்குள் போய் செட்டிங்ஸ், அதில் ஜெனரல் அல்லது சிஸ்டம் இன்ஃபோ என்று இருக்கும் (மாடலுக்கு மாடல் பெயர் மாறும்), உள்ளே வெர்ஷன் பக்கத்தைத் திறந்து போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் வெர்ஷன், மேப் வெர்ஷன் இரண்டும் தெரிகிற மாதிரி. அந்த நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த வரியை மனப்பாடம் செய்ய முடியாது, அதை லேப்டாப்பில் காட்டுவதோடு ஒப்பிட்டால்தான் புதிது வந்திருக்கிறதா என்று தெரியும். அநேகமாகக் கடைசி ஆறு எண்கள் தேதியாக இருக்கும், வருடம் முதலில், பிறகு மாதம், நாள்.

அப்படியே ஆர்.சி.யில் வண்டி தயாரான மாதம், வருடம் பாருங்கள். பதிவான வருடமும் தயாரான வருடமும் வேறாக இருக்கலாம், டிசம்பரில் தயாராகி ஜனவரியில் பதிவான வண்டிகள் ஏராளம். ஃபேஸ்லிஃப்ட், அதாவது அதே மாடல் புது முகத்தோடு வந்த வருடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2020 கிரெட்டாவும் 2024-இல் வந்த கிரெட்டாவும் பெயரில்தான் ஒன்று, டேஷ்போர்டே வேறு.

பென் டிரைவ்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். கல்யாண ஆல்பம் போட்டுக் கொடுத்த டிரைவ், கருத்தரங்கில் இலவசமாகக் கிடைத்த டிரைவ், பாட்டுப் போட்டு இரண்டு வருடமாகக் காருக்குள்ளேயே வெயிலில் காய்ந்த டிரைவ், இதெல்லாம் வேண்டாம். புதிதாக, பெயர் தெரிந்த கம்பெனியின் 64 ஜிபி டிரைவ் ஒன்றை வாங்குங்கள். மேப்போடு சேர்ந்த அப்டேட் 10 ஜிபியைச் சுலபமாகத் தாண்டும், சில மாடல்களில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கும் போகும். 32 ஜிபி என்று எழுதியிருக்கும் டிரைவில் உண்மையில் கையில் கிடைப்பது 29 சொச்சம்தான், அதனால் அதை நம்பி இறங்காதீர்கள்.

போலி டிரைவ் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் 64 ஜிபி என்றே காட்டும், உள்ளே உண்மையில் 8 ஜிபிதான் இருக்கும். எழுதும்போது எந்தப் பிழையும் சொல்லாது. எட்டுக்கு மேல் எழுதியது எல்லாம் காற்றில் போய்விடும், கார் படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது, டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும். நேரம் எடுக்கும், ஆனால் சாலையோரக் கடையில் வாங்கிய டிரைவ் என்றால் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

ஃபார்மேட் விஷயத்தில் நீங்களாகச் சாமர்த்தியம் காட்ட வேண்டாம். டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் ஒன்றான ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது, விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னலோ 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற வாய்ப்பையே வெகுகாலமாகக் காட்டியதில்லை. எந்தக் காருக்கு எது என்று குழம்பிக்கொண்டிருப்பதைவிட, கம்பெனி கொடுக்கும் அப்டேட்டர் புரோகிராமே கேட்டு ஃபார்மேட் செய்யும், அதன் போக்கில் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: எந்த டிரைவை அழிக்கட்டும் என்று கேட்கும் இடத்தில் இரண்டு முறை பாருங்கள். பக்கத்தில் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் முதலிலேயே பிடுங்கிவிடுங்கள், பத்து வருடக் குடும்பப் போட்டோ ஒரு கிளிக்கில் போய்விடும்.

டவுன்லோடு

ஹூண்டாய்க்கு அப்டேட்.ஹூண்டாய்.காம், கியாவுக்கு அப்டேட்.கியா.காம். இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, நேவிகேஷன் அப்டேட்டர் என்ற புரோகிராமை இறக்கி லேப்டாப்பில் நிறுவுங்கள். விண்டோஸுக்கும் மேக்குக்கும் தனித்தனியாக இருக்கும். போனில் இந்த வேலை ஆகாது. பெயரில் நேவிகேஷன் என்று இருக்கிறதே, எனக்கு மேப் மட்டும்தான் வருமோ என்று யோசிக்க வேண்டாம், சிஸ்டம் சாஃப்ட்வேரும் இதில்தான் வரும். இந்தச் சேவைக்குக் காசு கிடையாது. எங்காவது கார்டு நம்பர் கேட்டால் நீங்கள் வேறு ஏதோ போலித் தளத்தில் நிற்கிறீர்கள்.

உள்ளே போனதும் மாடல், வருடம், திரை வகை என்று வரிசையாகக் கேட்கும். எடுத்து வைத்த போட்டோ இங்கே உதவும். உங்கள் வண்டி பட்டியலில் இல்லையென்றால் பக்கத்து மாடலைத் தேர்ந்தெடுத்து அதிர்ஷ்டத்தைச் சோதிக்காதீர்கள், காருக்கு அந்த ஃபைல் பொருந்தாது. சர்வீஸ் சென்டரில் கேட்பதுதான் வழி.

இருபது ஜிபி என்பது தினம் ஒன்றரை ஜிபி பிளானில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்குகிற கதை இல்லை. வீட்டு ஃபைபர் வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற நண்பர் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது என்றால், லேப்டாப் தானாக உறங்கிப்போகும் செட்டிங்கை அணைத்து, சார்ஜரைச் சொருகிவிடுங்கள். கரன்ட் போனால் லேப்டாப் தாங்கும், மோடம் தாங்காது, அதனால் மோடம் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். டவுன்லோடு முடிந்த பிறகும் டிரைவில் எழுதுகிற வேலை, சரிபார்க்கிற வேலை என்று இன்னும் கொஞ்ச நேரம் போகும். நூறு சதவீதம் என்று பார்த்ததும் டிரைவை உருவிவிடாமல், முடிந்தது என்று புரோகிராமே சொல்லட்டும். பிறகு ‘இஜெக்ட்’ கொடுத்து எடுங்கள்.

டிரைவைத் திறந்து பார்த்தால் சில ஃபோல்டர்களும் ஃபைல்களும் இருக்கும். அழகாக அடுக்குகிறேன் என்று அவற்றை ‘கார் அப்டேட்’ என்ற புது ஃபோல்டருக்குள் போட்டுவிட்டால் கார் எதையும் கண்டுபிடிக்காது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பாட்டு, வீடியோ எதையும் கூடவே போடவும் வேண்டாம்.

காரில்

வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. அப்டேட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், சில மாடல்களில் அதற்கு மேலும் ஆகும், அவ்வளவு நேரமும் இன்ஜின் ஓட வேண்டியிருக்கும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலோ ஷட்டர் போட்ட ஷெட்டிலோ செய்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும். தெருவில் மர நிழலாகப் பார்த்து நிறுத்துங்கள். சித்திரை வெயில் உச்சியில் வேண்டாம், காலையிலோ சாயங்காலமோ செய்யுங்கள்.

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து பெட்ரோலை மிச்சப்படுத்தலாமே என்று தோன்றும். திரையும் அதன் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டரும் 12 வோல்ட் பேட்டரியைத்தான் உறிஞ்சும். நாலு வருடம் பழகிய பேட்டரி பாதியில் படுத்துவிட்டால் திரையும் போச்சு, வண்டியும் ஸ்டார்ட் ஆகாது. தவிர, பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் ஓடுகிற ஏ.சி.சி. நிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டால் பேட்டரியைக் காப்பாற்ற வண்டி தானாகவே கரன்டை நிறுத்திவிடும். ஐடிலில் ஏ.சி.யோடு ஒரு மணி நேரம் ஓடினால் தோராயமாக ஒரு லிட்டர் போகும், போகட்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வண்டி இழுத்து இழுத்துத்தான் எழும்புகிறது என்றால் பேட்டரியை மாற்றிவிட்டு இதற்கு வாருங்கள். எலக்ட்ரிக் வண்டி என்றால் பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ‘ரெடி’ விளக்கு எரிகிற நிலையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு சார்ஜ் ஏறும்.

ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’-யில், மேனுவல் என்றால் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு. ஐ.எஸ்.ஜி. என்று சிக்னலில் இன்ஜினைத் தானாக நிறுத்தும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அணைக்கும் பட்டனில் ‘ஏ’ எழுத்தைச் சுற்றி ஒரு வட்ட அம்பு இருக்கும்.

இப்போது போர்ட். முன்பக்கம் இரண்டு மூன்று யூ.எஸ்.பி. துளைகள் இருக்கும், அவற்றில் டேட்டா போவது அநேகமாக ஒன்றில்தான். மற்றவை வெறும் சார்ஜுக்கு. சார்ஜ் போர்ட் பக்கத்தில் பேட்டரி அல்லது மின்னல் படம் போட்டிருக்கும். படம் தேய்ந்துபோய்த் தெரியவில்லையா, எதில் போனைச் சொருகினால் ஆண்ட்ராய்டு ஆட்டோ வருகிறதோ அதுதான் நமக்கு வேண்டியது. நேராக அதிலேயே சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர், ஹப், சி-டைப் கன்வெர்ட்டர் எதுவும் நடுவில் வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் அப்டேட் செய்யட்டுமா என்று திரையே கேட்கும். கேட்கவில்லையென்றால் முன்பு போட்டோ எடுத்த அதே வெர்ஷன் பக்கத்தில் அப்டேட் பட்டன் இருக்கும். தொட்டதும் ஒரு பட்டை ஓட ஆரம்பிக்கும். நடுவில் திரை அணைந்து லோகோவோடு திரும்ப வரும், சில மாடல்களில் இது ஒரு தடவையோடு நிற்காது. பயந்து எதையும் அழுத்த வேண்டாம், அது அப்படித்தான். ஒரே சதவீதத்தில் பத்து நிமிடம் நிற்பதும் வழக்கம், மேப் பகுதி வரும்போது அப்படி ஆகும். இதற்கிடையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ரிவர்ஸ் கேமரா காட்டுவதும் இதே திரைதானே, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. வண்டியை இன்ஜின் ஓட விட்டுவிட்டு ஆளில்லாமலும் விடாதீர்கள், ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளேயே உட்காருங்கள்.

மாட்டிக்கொண்டால்

பென் டிரைவையே காணவில்லை என்றால் போர்ட்டை மாற்றுங்கள், அப்புறம் டிரைவை மாற்றுங்கள். அப்டேட் ஓடி நடுவில் பிழை காட்டினால் அதே டிரைவை மறுபடி மறுபடி சொருகிப் பயனில்லை, லேப்டாப்பில் புதிதாக எழுதிக்கொண்டு வாருங்கள், முடிந்தால் வேறு டிரைவில். பட்டை அரை மணி நேரத்துக்கு மேல் அசையவே இல்லை என்றால் மட்டும் ரீசெட். பல மாடல்களில் திரையைச் சுற்றியோ கீழே பட்டன் வரிசையிலோ ஒரு ஊசித் துளை இருக்கும். போனில் சிம் எடுக்கிற ஊசியால் அழுத்தினால் திரை மட்டும் மறுபடி துவங்கும். டிரைவ் உள்ளேயே இருக்கட்டும், அநேகமாக விட்ட இடத்திலிருந்தோ முதலிலிருந்தோ அதுவே தொடங்கிவிடும்.

அதற்கும் அசையவில்லையென்றால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கம்பெனி தளத்திலிருந்து இறக்கிய ஃபைலைப் போட்டோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டெலிகிராம் குரூப்பில் யாரோ கொடுத்த ‘மாடிஃபைடு’ ஃபைலை ஏற்றியிருந்தால் அது வேறு கதை, வாரன்டி பேசவே முடியாது. இந்த ஃபைல்களைப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள், ஆனால் 2022-இல் அமெரிக்காவில் ஒரு புரோகிராமர் தன் ஹூண்டாய் ஐயானிக் காரின் சாஃப்ட்வேர் பூட்டைத் திறந்துவிட்டார். அவருக்குக் கிடைத்த சாவி, புரோகிராமிங் பாடங்களில் உதாரணத்துக்குக் கொடுத்திருக்கும் அதே சாவி! சுவாரஸ்யமான விஷயம்தான். அவருக்குத் தான் செய்வது என்னவென்று தெரியும், டெலிகிராமில் ஃபைல் போடுகிறவருக்குத் தெரியுமா என்று நமக்குத் தெரியாது.

முடிந்த பிறகு

வெர்ஷன் பக்கத்தை மறுபடி திறந்து பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள், எண் மாறியிருக்க வேண்டும். புளூடூத் தகராறு செய்தால் காரில் போனையும் போனில் காரையும் இரண்டு பக்கமும் நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள், ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் சரியாகாது. சவுண்டு செட்டிங், ரேடியோவில் சேமித்த ஸ்டேஷன்கள், ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங் பட்டன் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். மேப் புதிதானதா என்று சோதிக்கச் சென்னைக்காரர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30 அன்று. அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காமல் கோயம்பேட்டையே காட்டிக்கொண்டிருந்தால் சாஃப்ட்வேர் ஏறியிருக்கிறது, மேப் ஏறவில்லை.

டீசல் வண்டிக்காரர்கள் இவ்வளவு நேரம் ஐடிலில் விட்ட பிறகு ஜி.எஸ்.டி. சாலை மாதிரி ஒரு நீளமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள், பி.எஸ்.6 வண்டியின் புகை ஃபில்டருக்கு நல்லது. பென் டிரைவை உடனே அழித்துவிட வேண்டாம், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால் ஃபார்மேட் செய்து பாட்டுப் போட்டுக்கொள்ளலாம்.